கொழும்பில் அலுவலில்லா ஒரு நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படுபவரைக் கண்டு, "என்ன அலுவல்?" என்று வினவாத அயலார் இலர். கடவுச்சீட்டுப் பெறுதல், தூதரகத்தில் விரலடையாளம் பதித்தல், கண் வைத்தியரைக் காணல், கனடாவிலிருந்து வரும் மைத்துனரை விமான நிலையத்தில் எதிர்கொள்ளல் என்று இவ்வினாவுக்கு ஏற்ற விடைகள் பல உள. "எங்கள் திருமண நாள்; இருவருமாக நகரைச் சுற்றிப் பார்த்து வரப் போகின்றோம்" என்று விடையிறுத்தாலோ, கேட்டவர் முகத்தில் முதலில் ஒரு புன்முறுவலும் அதன் பின்னே ஓர் ஐயமும் தோன்றும். இவர்கள் வைத்தியரிடந்தான் போகின்றார்கள், நோய் இன்னதென்று வெளியிட மனமில்லை என்று முடிவு கட்டுவாரும் உளர்.

திருமணமாகி இருபது ஆண்டு நிறைந்ததை முன்னிட்டுத் தை மாதத்தில் நாம் எம் இல்லாளோடு கொழும்பிற் கழித்த ஒரு பகற்பொழுதைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றோம். இவ்வாறான ஒரு நாளைத் தாமும் வகுத்துக்கொள்ள விரும்பும் தம்பதியர்க்கு இது பயன்படக்கூடும்.

ஆண்டு நிறைவு கொண்டாடுதல் மேனாட்டு வழக்கம், எம்மவர்க்கு ஒவ்வாதது என்று ஆசிரியர் அறையில் முதியவர் ஒருவர் உரைத்தார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எம்மவர் முறையிலே திருமணத்துக்கு அடுத்து இருவரையும் ஒருங்கே இருத்திக் கொண்டாடும் சிறப்பு மணிவிழாவாகும்; அது கணவனுக்கு அறுபது வயது நிறையும்போது வருவது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏடு தொடக்கல், காதுகுத்து, பூப்பு நீராட்டு என்று பிள்ளைகளின் விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நிறைகுடம் வைப்பவராகவும் பந்தி விசாரிப்பவராகவுமே தாயும் தந்தையும் அவற்றில் நிற்பர். ஒரே வீட்டில் இருபது ஆண்டு வாழ்ந்தும், ஒரு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியிராத தம்பதியர் எத்துணைப் பேர் என்பது வாசகர்க்குத் தெரியாததன்று.

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும்போதெல்லாம் எமக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. இந்திர விழாவின் முடிவிலே கோவலன் கடற்கரைக்குச் சென்றது மாதவியோடு. கண்ணகியோடு அவன் சென்ற பயணமாகக் காப்பியம் விரித்துரைப்பது ஒன்றே, அது மதுரைக்கு. அதுவும் சிலம்பு விற்கும் அலுவலாக. போதாக்குறைக்குக் கவுந்தியடிகளும் உடன்வந்தார். காவிரி கடலொடு கலக்கும் இடத்துப் பொய்கைகளில் நீராட வருமாறு தேவந்தி அழைத்தபோதும் அது பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிட்டாள். புகார் நகரத்துப் பெண், புகாரின் கடற்கரையில் ஒரு மாலை தன் கணவனோடு உலாவினாள் என்ற செய்தி நூலில் யாங்கணும் இல்லை. மாணவர்க்கு இதனைச் சொல்வதில்லை. பரீட்சையில் இதற்குப் புள்ளி கிடையாது.

எம் தலைமுறையினர்க்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் மணம் புரிந்து நெடுங்காலம் செல்லுமுன், 2006 ஆகஸ்ட் மாதத்தில், ஏ9 வீதி மூடப்பட்டது. அதன் பின்னர்த் தெற்கே செல்வதற்குக் கப்பலையும் விமானத்தையுமே நம்ப வேண்டியிருந்தது. அரும்பாடுபட்டுக் கொழும்பை அடைந்து ஒரு விடுதியில் தங்கினால் பொலிஸ் பதிவு. தெருவில் இறங்கினாற் சோதனைச் சாவடி. அயலார் அன்பினாற் கேட்கும் அதே "என்ன அலுவல்?" என்ற கேள்வியை அங்கே துப்பாக்கி ஏந்தியவர் கேட்டனர். வாயினாற் சொல்லும் விடை அவர்க்குப் போதியதன்று. கடிதமாக, அட்டையாக, முத்திரை குத்திய தாளாக அது கையில் இருத்தல் வேண்டும். 2007 ஜூன் 7 ஆந் திகதி, தக்க காரணமின்றித் தங்கியிருக்கின்றனர் என்று கூறி, கொழும்பு விடுதிகளிலிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரைப் பஸ் வண்டிகளில் ஏற்றி நகருக்கு வெளியே அனுப்பினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. இளந்தம்பதியர் இருவர் அந்நாளிற் சாவடியொன்றில் நின்று, "காலிமுகத்திற் காற்று வாங்க வந்தோம்" என்று சொல்லியிருந்தால் அதனை யார் காரணமாகக் கொண்டிருப்பர்?

2009 இற் போர் முடிந்தது. சாவடிகள் அகன்றன. ஆயினும் பழக்கம் அகலவில்லை. இன்றும் எம்மவர் கொழும்பில் இறங்கும்போது ஒரு கையில் தண்ணீர்ப் போத்தலும் மறுகையிற் கோவையுமாகவே இறங்குகின்றனர். பயணம் பற்றிப் பேசத் தொடங்கிய அன்று எம் இல்லாள் விரல் மடித்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கலியாணத்துக்குப் பிறகு பதினொரு தரம் கொழும்புக்கு வந்திருக்கிறன். பதினொரு தரமும் கையிலை ஒரு பைல் இருந்தது."

ஆகவே நாம் வகுத்த முதல் விதி, கோவை கொண்டு செல்லலாகாது என்பது. இரண்டாவது விதி, பிறர் பொதியை ஏற்கலாகாது என்பது. நாம் கொழும்புக்குப் போகும் செய்தி எப்படியோ பரவி, தெஹிவளையிலுள்ள மகளுக்கென்று ஒருவர் ஒடியல் மாவும், மட்டக்குளியிலுள்ள தமையனுக்கென்று இன்னொருவர் பனாட்டும் கொண்டுவந்து நின்றனர். இவற்றை மறுப்பது எளிதன்று. எனினும் தெஹிவளைக்கு ஒரு பொதியும் மட்டக்குளிக்கு ஒரு பொதியும் ஏற்றுக்கொண்டால், நகரின் தென்கோடிக்கும் வடகோடிக்கும் இடையே ஓட்டோவிலேயே திருமண நாள் கழிந்துவிடும். பொதியனுப்பும் நிறுவனங்கள் யாழ்ப்பாணத்திற் பல உள என்பதைப் பணிவோடு எடுத்துரைத்தோம்.

மூன்றாவது விதி சற்றுக் கடுமையானது: உறவினர் வீட்டில் இறங்கலாகாது. அன்பு மிகுந்த உறவினரே இவ்விடயத்தில் அஞ்சத்தக்கவர். காலையில் இடியப்பமும் சொதியும் தந்து, "மத்தியானம் சாப்பிட்டுப் போகலாம்" என்பர். பின்னர் அவர்தம் மகனின் கணிதப் புள்ளிகளைப் பற்றி ஆசிரியராகிய எம்மிடம் ஆலோசனை கேட்பர். மகளிர் அடுக்களைக்குள்ளும் ஆடவர் விறாந்தையிலுமாக அமர, தம்பதியர் மீண்டும் ஒருவரையொருவர் காண்பது இரவு பஸ்ஸிலேதான். வெள்ளவத்தையில் ஒரு விடுதியறையைப் பகலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டோம். குளித்து உடை மாற்றுதற்கும், களைத்தபோது கால் நீட்டுதற்கும் அது போதும். அடையாள அட்டையைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

இனிச் செல்லுமிடங்கள். நேரசூசி வகுத்தல் எமது தொழிலாகையால், பதினான்கு இடங்களை எட்டுப் பாடவேளைகளுள் அடக்கி ஓர் அட்டவணை எழுதினோம். இல்லாள் அதனை வாசித்து, பென்சிலை எடுத்து, ஒன்பது இடங்களை வெட்டினார். தாமரைக் கோபுரம் வெட்டுண்டது. 2022 செப்டெம்பரிற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அக்கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர் உயரமானது. அதன் மேல் ஏறினால் நகர் முழுவதையும் காணலாம், கோபுரம் ஒன்றைத்தான் காணமுடியாது என்பது அவர் வாதம். கீழே பேரே வாவிக் கரையில் நின்றால் அதனையும் அதன் நிழலையும் பணம் கொடாமலே காணலாம். மிருகக்காட்சிச்சாலையும் வெட்டுண்டது, அது பிள்ளைகளுக்குரியது. பெரிய அங்காடி மாளிகைகள் யாவும் வெட்டுண்டன; இதற்கு நாம் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. எஞ்சியவை ஐந்து: ஒரு கோயில், ஒரு நூதனசாலை, ஒரு பூங்கா, ஒரு புகையிரதப் பயணம், ஒரு கடற்கரை.

இரவு பஸ் விடியுமுன் வெள்ளவத்தையை அடைந்தது. குளித்துவிட்டுக் கொச்சிக்கடைக்கு ஓட்டோவிற் சென்றோம். நகரம் விழித்தெழும் அவ்வேளையிலே காலி வீதி வெறுமையாக இருந்தது.

கொச்சிக்கடை ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைக் காணாத சைவர் கொழும்பைக் கண்டவராகார் என்பது எமது கருத்து. பொன்னம்பல முதலியார் 1856 இல் எழுப்பிய கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுவதும் கருங்கல்லாற் புதுக்கினார். வெளியே துறைமுகத்துப் பாரவண்டிகளின் இரைச்சல்; உள்ளே புகுந்து பத்தடி நடந்தால் அவ்விரைச்சல் கல்லிலே அமிழ்ந்துவிடுகின்றது. தூண்களின் வரிசையும், எண்ணெய் விளக்கின் மங்கலொளியும், காலடியிற் கல்லின் குளிர்ச்சியும் சேர்ந்து, தமிழகத்துப் பழங்கோயில் ஒன்றினுள் நிற்பது போன்ற உணர்வைத் தரும். எம் இல்லாள் மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரியிற் பயின்றவர். 1913 இல் அக்கல்லூரியை நிறுவியவரும் இதே இராமநாதனே; அதற்காக உடனுழைத்த துணைவியார் லீலாவதி அம்மையார் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். "எங்கடை பள்ளிக்கூடத்துக் கோயில் மாதிரித்தான் மணக்குது" என்றார் இல்லாள். கற்பூரமும் நனைந்த கல்லும் கலந்த மணத்தை அவர் கருதினார் போலும். இருவர் பெயரிலும் ஓர் அருச்சனை செய்வித்தோம். பிள்ளைகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயர் வழக்கம்போற் கேட்டார். "இண்டைக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும்" என்று இல்லாள் சொன்னதைக் கேட்டு ஒரு கணம் அவர் எம்மை நிமிர்ந்து பார்த்தார்.

அங்கிருந்து செட்டியார் தெரு வெகு தூரமன்று. அத்தெருவின் நகைக்கடைகள் திறக்குமுன் அதனைக் கடந்துவிடுதல் கணவன்மார்க்கு நலம் பயக்கும். நாம் கடந்துவிட்டோம்.

கறுவாத் தோட்டத்திலுள்ள தேசிய நூதனசாலை 1877 இல், தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் முயற்சியால், திறக்கப்பட்டது. வெண்ணிறக் கட்டடம், முன்னே பரந்த புற்றரை, விழுதூன்றிய ஆலமரங்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்று, "தொடாதே, ஓடாதே" என்று கூவியபடி நாம் பன்முறை கடந்துள்ள கூடங்கள் அவை. இம்முறை ஓட்டமில்லை. கண்டியரசரின் சிம்மாசனத்தை நோக்கி யாவரும் விரைய, நாம் இரண்டு பொருள்களுக்கு முன் மட்டும் நெடுநேரம் நின்றோம்.

ஒன்று, காலியிற் கிடைத்த மும்மொழிக் கல். சீனக் கடற்றளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல் 1409 ஆம் ஆண்டைக் குறிப்பது. சீன மொழியிற் புத்தருக்கும், தமிழிலே தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இசுலாமிய நெறிக்குமாக, ஒரே வகையான காணிக்கைகள் மூன்று மொழிகளில் எழுதப்பட்டுள்ளன. 1911 இற் கண்டெடுக்கப்பட்டபோது அது காலி நகரில் ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்தது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இத்தீவுக்கு வந்த சீனர், இங்குள்ளவரிடம் எம்மொழியிற் பேச வேண்டுமென்று அறிந்து வந்திருக்கின்றனர். எம் இல்லாள் தமிழ் வரிகளைத் தேடி இரண்டோர் எழுத்தை இனங்கண்டு மகிழ்ந்தார். கண்ணாடி அணியாமல் வந்தமையால் மேலே வாசிக்க இயலவில்லை.

மற்றையது, பொலன்னறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளில் 1907, 1908 ஆம் ஆண்டுகளையொட்டி அகழ்ந்தெடுத்த வெண்கலப் படிமங்கள். இராமநாதனின் இளவல் சேர் பொன்னம்பலம் அருணாசலமும், கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் இவற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதினர். நடராசரையும் சிவகாமியையும் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. எம்மைத் தடுத்து நிறுத்தியவர் சுந்தரமூர்த்தி நாயனார். அணிகலன் பூண்ட இளைஞர், மலர்ந்த கண்கள், எதிரே எதனையோ கண்டு அசைவற்று நின்றுவிட்டவர் போன்ற முகம்.

"இவர் ஏன் இப்பிடித் திகைச்சுப் போய் நிக்கிறார்?" என்று இல்லாள் வினவினார்.

புத்தூரிலே மணப்பந்தரில், முதிய அந்தணர் உருவிலே இறைவன் வந்து, இவன் எமக்கு அடிமை என்று ஓலை காட்டி மணத்தைத் தடுத்த வரலாற்றை எடுத்துரைத்தோம். அவர் அறியாத கதையன்று. ஆயினும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கலியாண வீட்டிலை திகைக்காத மாப்பிள்ளை ஆர்? நீங்களும் அண்டைக்கு இப்பிடித்தான் நிண்டனீங்கள்" என்றார். காவலாளி எம்மைத் திரும்பிப் பார்க்குமளவுக்கு நாம் இருவரும் சிரித்தோம். பிற்காலத்திற் பரவையாரின் ஊடலைத் தீர்க்க, திருவாரூர்த் தெருவில் நள்ளிரவிலே இறைவனையே தூது நடக்கவைத்தவரும் இச்சுந்தரரே. எம் போன்றோர்க்கு அத்தகைய தூதர் வாய்ப்பதில்லை. நாமே நடக்க வேண்டும்.

நூதனசாலைக்கு அருகே விகாரமகாதேவி பூங்கா. விக்டோரியாப் பூங்கா என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்டது. அங்குள்ள பெருமரங்களின் கீழ், வெயிலுக்கோ மழைக்கோ அன்றி, உலகத்தின் கண்ணுக்கு மறைவாகக் குடை விரித்து அமர்ந்திருக்கும் இளங்காதலரைக் கொழும்பு நன்கறியும். அக்குடைகளைப் பழித்து எழுதாத பத்திரிகை இல்லை. நாம் பழிப்பதற்கில்லை. தனியறை இல்லாத சிறு வீடுகளும், கதவு தட்டாது நுழையும் உறவினரும் நிறைந்த நாட்டில், இருவர் பேசுவதற்குரிய இடம் நாலடி விட்டமுள்ள ஒரு துணிவட்டமாகச் சுருங்கிவிட்டதற்கு அவ்விளைஞர் காரணரல்லர். ஒரு வாங்கில் அரை மணி நேரம் அமர்ந்திருந்தோம். எம் வயதினர் அங்கு வேறொருவரும் இல்லை.

பகலுணவு பம்பலப்பிட்டியில் ஒரு சைவ உணவகத்தில். வாழையிலை, சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, வல்லாரைச் சம்பல், மோர்மிளகாய். ஊரில் உண்பதிலிருந்து வேறுபாடு ஒன்றே: இல்லாள் சமைக்கவுமில்லை, பரிமாறவுமில்லை, எம்மோடு ஒரே வேளையில் அமர்ந்து உண்டார். இரண்டாம் முறை சோறு வேண்டுமா என்று பரிமாறுபவர் முதலில் அவரிடம் கேட்டார்.

உணவின் பின் கடற்பக்கமாக இறங்கினால் பம்பலப்பிட்டிப் புகையிரத நிலையம். இங்கிருந்து கல்கிசை வரை செல்லும் சிறு பயணத்தை எந்தத் தம்பதியரும் தம் பட்டியலிலிருந்து வெட்டலாகாது. பயணச்சீட்டின் விலை சொற்பம்; கிடைக்கும் பொருளோ இந்து சமுத்திரம். தெற்கு நோக்கிச் செல்கையில் வலப்பக்கத்து இருக்கையைப் பிடிக்க வேண்டும். இருக்கை கிடையாவிடின் வலப்பக்கத்துச் சாளரத்தருகே நிற்க வேண்டும். தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையே கருங்கற் குவியலன்றி வேறு தடையில்லை. வெள்ளவத்தை, தெஹிவளை என்று நிலையங்கள் வந்து போயின. பாறையிலே தூண்டிலோடு நின்ற ஒருவர், வலை உலர்த்தும் முற்றங்கள், தண்டவாளத்தோரம் கொடியில் ஆடும் பிள்ளைகளின் சட்டைகள். இல்லாளின் கூந்தல் காற்றிற் கலைந்து முகத்தில் விழ, அவர் அதனை ஒதுக்கவும் மறந்து கடலைப் பார்த்தபடி நின்றார். இத்தனை முறை வந்தும் இக்கடலைக் கட்டடங்களின் இடுக்கிலேயே தாம் கண்டதாகச் சொன்னார். அதன் பின் இருவரும் பேசவில்லை. பேசத் தோன்றவில்லை.

கல்கிசையிலே, கடலுள் நீண்ட மேட்டின் மேல், தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லண்ட் 1806 இல் அமைத்த மாளிகை இன்று புகழ்வாய்ந்த ஹோட்டலாக விளங்குகின்றது. அம்மாளிகையைப் பற்றி ஒரு காதற்கதை வழங்குகின்றது. லொவினா என்னும் நடனமாதின் மேல் தேசாதிபதி காதல் கொண்டார் என்றும், அவள் தந்தையின் வீட்டுக் கிணற்றிலிருந்து தம் மாளிகையின் நிலவறைக்கு ஒரு சுரங்கவழி வெட்டுவித்தார் என்றும், அவ்வழியே இரவுதோறும் அவள் வந்து சென்றாள் என்றும் கூறுவர். ஊரின் ஆங்கிலப் பெயரை அவள் பெயரோடு இணைப்பாரும், கடற்பறவையின் சிங்களப் பெயரோடு இணைப்பாரும் உளர். கதையில் எவ்வளவு மெய் என்பது வேறு. மெயிற்லண்ட் 1811 இல் இலங்கையை விட்டகன்று, பின்னர் மோல்டாவின் தேசாதிபதியாகி, 1824 இல் அங்கேயே மணமாகாதவராக இறந்தார் என்பது வரலாறு. மணலில் நின்றவாறு இக்கதையை இல்லாளுக்கு மிக்க உருக்கத்தோடு எடுத்துரைத்தோம்.

"சுரங்கம் வெட்டத் தெரிஞ்ச மனுசனுக்கு முன்கதவைத் திறக்கத் தெரியேல்லையே?" என்றார் அவர்.

இக்கதையை எழுதியோர் பலர். இக்கேள்வியை அவர்களுள் யாரும் கேட்டதாக எமக்கு நினைவில்லை.

மீண்டும் புகையிரதமேறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி, காலிமுகத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அன்றைய நாளுக்கென ஒரே ஓர் ஆடம்பரம் அனுமதிக்கப்பட்டிருந்தது. அது 1864 இலிருந்து அங்கு நிற்கும் காலிமுக ஹோட்டலின் கடற்புற விறாந்தையில் ஒரு தேநீர். விலைப்பட்டியலைக் கண்டதும் இல்லாள், "இந்தக் காசுக்கு அரைக் கிலோ தேயிலை வாங்கலாம்" என்று மெல்லச் சொன்னார். ஆயினும் வெண்கோப்பையிலே தேநீர் வந்தபோது நிமிர்ந்து அமர்ந்து, அவசரமின்றி, இரண்டு கோப்பை பருகினார். இவ்வாறு அவர் தேநீர் பருகி நாம் கண்டதில்லை. வீட்டில் அவர் தேநீர் எப்போதும் அடுப்படியில் ஆறிக் கிடக்கும்.

காலிமுகத்திடலை உலாவிடமாக அமைத்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். அப்பணி 1859 இல் நிறைவேறியது. தமக்குப் பின் வரும் தேசாதிபதிகள் கொழும்பு மகளிரினதும் சிறுவரினதும் நலனுக்காக இதனைப் பேண வேண்டுமென்று கல்லிலே பொறித்து வைத்தார். ஆடவரைப் பற்றி அக்கல் ஒன்றும் கூறவில்லை. நாம் அங்கே விருந்தினரே. 2022 இல் இத்திடலருகே கூடாரமிட்டுத் திரண்ட இளைஞர் நாட்டின் அதிபரையே பதவி துறக்கச் செய்தனர். நாம் சென்ற மாலையில் அங்கு பட்டங்களே பறந்தன. இறால் வடை விற்கும் வண்டிகளின் எண்ணெய்ப் புகை காற்றிற் கலந்து வந்தது. சைவ போசனிகளாகிய நாம் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசித் துண்டும், ஒரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்டோம்.

காலி வீதியைக் கடக்கையில் இல்லாள் எம் கையைப் பற்றியிருந்தார். கடந்த பின்னரும் விடவில்லை. ஊரிலே நாம் முன்னும் அவர் நாலு முழம் பின்னுமாக நடப்பதே வழக்கம். அதனை யாரும் விதித்ததில்லை, ஒழுங்கைகள் அவ்வளவு ஒடுக்கமானவையும் அல்ல. கடலோரச் சுவரையொட்டிக் கைகோத்தபடி நடந்தோம். எதிரே சீருடையில் ஒரு பொலிஸ்காரர் வந்தார். இல்லாளின் விரல்கள் சற்று இறுகியதை உணர்ந்தோம். மறுகை, பழக்கத்தினால், கைப்பையைத் தடவியது. அடையாள அட்டை அதனுள் இருக்கின்றது. பொலிஸ்காரர் தமது கைத்தொலைபேசியில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டு எம்மைக் கடந்து போனார்.

பத்தடி நடந்த பின் இல்லாள், "ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

"இல்லை" என்றோம்.

சூரியன் கடலைத் தொட்டது. சிறு பிள்ளையொன்று பட்டத்தின் நூலை எம் கால்களிற் சுற்றிவிட்டு ஓடியது. அதனை அவிழ்த்துக்கொண்டிருந்த வேளையில் இருள் பரந்துவிட்டது. கிழக்கே தாமரைக் கோபுரம் நிறம் மாறி மாறி ஒளிர்ந்தது. மகள் தொலைபேசியில் அழைத்து, எங்கே நிற்கின்றீர்கள் என்று கேட்டாள். "கடற்கரையிலை" என்றார் தாயார். "அங்கை என்ன செய்யிறீங்கள்?" என்று அடுத்த கேள்வி வந்தது. "கச்சான் சாப்பிடுறம்" என்று விடையளித்துத் தொடர்பைத் துண்டித்தார்.

இரவு பஸ் வெள்ளவத்தையிலேயே புறப்படுவதால், விடுதிக்குச் சென்று பையை எடுத்துக்கொண்டு, ஒரு தோசையும் உண்டு ஏறுவதற்கு நேரம் இருந்தது. விடியற்காலையில் யாழ்ப்பாணம். அன்றே நாம் பாடசாலைக்குச் சென்றோம். இயலுமாயின் மறுநாளுக்கும் விடுமுறை பெற்றுக்கொள்ளுதல் நன்று.

ஒரு பிற்பகல் மட்டுமே வாய்ப்பவர்கள் நூதனசாலையை விட்டுவிடலாம், புகையிரதத்தை விடலாகாது. கொழும்பிலேயே வாழும் தம்பதியர்க்கும் இதுவே பொருந்தும். நாள்தோறும் அதே கடலோரமாக அலுவலகத்துக்குச் செல்பவர் ஆயினும், இருவருமாகச் செல்லும்போது வலப்பக்கத்திலே அமர்ந்து பார்க்க. வைகாசியிலும் ஆனியிலும் மணம் புரிந்தோர் தென்மேற்குப் பருவக்காற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். அக்காலத்திற் கடல் கொந்தளிக்கும். மாலையில் மழை எதிர்பாராது பெய்யும். அவர்கள் குடை கொண்டு செல்க. இருவருக்கும் ஒன்று போதும்.